விழும் மூட்டையின் எடை

பிடரியில் தொடங்கிய வலி ஆன்சியின் இரண்டு தோள்களுக்கும் இறங்கியிருந்தது. கத்தரி பிடித்த கை மரத்துப்போயிருந்தது. தேயிலையைக் கத்தரியால் வெட்டி மூட்டை கட்டி, தலையில் ஏற்றி, ரோட்டோர எடைக் கொட்டகை வரை இறங்க வேண்டும். நீலகிரியில் எமரால்டு ஊருக்கு மேலே அந்தச் சரிவுக்கு வண்டி வராது.

கோடை விடுமுறை முழுக்க அவள் தன் அம்மா ஜெஸிந்தாவின் இடத்தில் வெட்டினாள். ஜெஸிந்தாவுக்குத் தோள் இறுகி, கை மேலே எழும்பவில்லை. மேஸ்திரி அழகர்சாமி இதற்குச் சம்மதித்தார், ஆனால் எடை குறையக் கூடாது என்றார். குறைந்தால் அந்த இடம் வடக்கிலிருந்து வந்து வேலைக்குக் காத்திருப்பவர்களில் ஒருவருக்குப் போய்விடும். அவர் கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கும் மேலே ஆள் இருந்தது.

ஆன்சி ப்ளஸ் ஒன் முடித்தவள். இயற்பியலுக்கு ஆசிரியர் இருந்தது பாதி வருடம்தான். மீதியைப் போனில் பார்த்துப் படித்தாள். பாடத்தில் இல்லாததும் அப்படியே வந்து சேர்ந்தது. இப்போது ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டு நின்றாள். கயிறு அறுந்த லிஃப்டில் விழுகிறவனுக்குத் தன் எடையே தெரியாதாம். அங்கிருந்துதான் ஈர்ப்பு ஒரு விசைதானா என்ற கேள்வியே கிளம்புகிறதாம். அவள் லிஃப்டில் ஏறியதே இல்லை. நம்பாமல் அடுத்த பாடத்துக்குப் போகவும் அவளால் முடியவில்லை.

பக்கத்து நிரையில் வெட்டும் பேச்சியிடம் இதைச் சொல்லிப் பார்த்தாள்.

"உழுந்தாக் கனம் தெரியாதா? அப்பத் தெனமும் உழுந்துட்டே கெடக்கலாமே புள்ள" என்று சொல்லிவிட்டுப் பேச்சி தன் வேலையைப் பார்த்தாள்.

மதியம் மழை தூறி நின்றது. சாப்பாட்டுக்குப் பிறகு கட்டிய மூட்டையோடு இருவரும் இறங்கினார்கள். பாதை, மண் சரியாமல் கட்டிய ஒரு கல்கட்டின் மேல் முடியும். ஓரத்தில் படி உண்டு. ஆன்சி படிக்குப் போகாமல் கட்டின் விளிம்பில் நின்றாள். நெஞ்சுயரம்தான். மூட்டை தலையை அழுத்திக்கொண்டிருந்தது. குதித்தாள்.

மூட்டை தலைமேலேதான் இருந்தது. அழுத்தவில்லை. காலையிலிருந்து கழுத்தை அமுக்கிய கையை யாரோ எடுத்துவிட்டது போல் இருந்தது. அவ்வளவுதான், தரை வந்துவிட்டது. முழங்கால் மடிந்து விழுந்தாள். மூட்டை வாய் அவிழ்ந்து, கொழுந்து முழுவதும் பக்கத்துக் கால்வாய்ச் சேற்றில் கொட்டியது.

சேறு பட்ட கொழுந்தை ஃபேக்டரியில் எடுக்க மாட்டார்கள். கழுவிக் கொடுத்தாலும் ஈரம் என்று தள்ளிவிடுவார்கள்.

பேச்சி படியிறங்கி வந்து தன் மூட்டையை இறக்கி வைத்தாள்.

"வழுக்கிருச்சா?"

"இல்லைங்கக்கா. நானாத்தான் குதிச்சேன். கனம் போகுதான்னு பாக்கறதுக்கு."

பேச்சி சேற்றைப் பார்த்தாள். அவளுக்குத் திட்டக்கூடத் தெம்பில்லை.

"போச்சா?"

"போச்சுங்கக்கா."

பேச்சி தன் மூட்டையை அவிழ்த்து ஆன்சியின் சாக்கில் பாதியைக் கொட்டினாள். ஆன்சி வேண்டாம் என்று சாக்கை இழுத்தாள்.

"உங்கம்மாளுக்கு வேலை இருக்கட்டுமா வேண்டாமா? புடி சாக்க. ஆனாத் திருப்பிக் கொட்டிரோணும். காசா வேண்டாம், கொழுந்தாக் கொட்டு."

கொட்டகையில், காலையில் போட்ட மூட்டையோடு சேர்த்து ஆன்சியின் எடை தட்டுத்தடுமாறித் தேறியது. காலையிலும் குறைவாகவே வெட்டியிருந்த பேச்சிக்கு எடை குறைந்தது. வயசாகுது, இன்னொரு தடவை இப்படி வந்தால் களை வெட்டத்தான் அனுப்புவேன் என்றார் அழகர்சாமி. இடுப்பு வலி என்றாள் பேச்சி. நடந்ததைச் சொன்னால் அம்மாவின் இடம் போய்விடும் என்று ஆன்சிக்குத் தெரியும். அவள் காலிச் சாக்கை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அன்று ராத்திரி அடுத்த பாடத்தைப் போனில் எடுத்து வைத்தாள். அது ஓடி முடிவதற்குள் தூங்கிவிட்டாள்.

அதற்குப் பிறகு தினமும் அம்மாவின் கணக்குக்கு வெட்டவே பொழுது சரியாக இருந்தது. பள்ளி திறந்துவிட்டது. ஜெஸிந்தா தோளில் தைலம் தேய்த்துக்கொண்டு வேலைக்குப் போகத் தொடங்கினாள்.

பேச்சிக்கு ஆன்சி கொடுக்க வேண்டிய அரை மூட்டைக் கொழுந்து இன்னும் பாக்கி.