கதவுக்கு உள்ளே நிற்பவள்

வெள்ளிக்கிழமை மதியம் கிளெனிஸ் அந்தக் கரையோரப் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தபோது, கடலிலிருந்து மழை சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது. மைதானத்து ஓரமாக வேனை நிறுத்திப் பின்பக்கம் திறந்தாள். உள்ளே நிலையோடு சேர்த்துச் செய்த மரக்கதவு ஒன்று படுத்துக் கிடந்தது. இரண்டு பேர் தூக்கினால் கனமே தெரியாது. தனியாகத் தூக்க முடியாது. தொப்பியையும் சால்வையையும் மட்டும் எடுத்துக்கொண்டு வேனைப் பூட்டினாள்.

இருபத்தொரு வருடம் அந்தக் கதவைத் தூக்க இரண்டு பேர் இருந்தார்கள். அவளும் ரோலண்டும். தேர்வுக்குப் பாடமாக வைத்திருக்கும் பழைய நாடகங்களை ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கி, ஊர் ஊராகப் போய்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நடித்துக் காட்டுவதும் விளக்குவதும்தான் இருவருக்கும் பிழைப்பு. வீடும் ஒன்று, வேனும் ஒன்று. போன செப்டம்பரில் நெடுஞ்சாலை ஓரத்துக் கடையில் தேநீர் குடிக்கும்போது ரோலண்ட் சொன்னான்: "க்ளென், இனிமே என்னால இந்த வேன்ல ஏற முடியாது." அவ்வளவுதான். சண்டை இல்லை, வேறு பெண் இல்லை. முழங்கால் வலி, ஈரம், மலிவான விடுதிகளின் பிசுபிசுத்த கம்பளங்கள். லீட்ஸில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டான். சண்டை போட்டுவிட்டுப் போயிருந்தால் கோபித்துக்கொள்ளவாவது ஒரு வழி இருந்திருக்கும்.

ஒப்புக்கொண்ட பள்ளிகளை விட முடியவில்லை. இரண்டு பேர் பாத்திரத்தையும் அவளே நடித்தாள்.

வரவேற்பில் இருந்த அம்மாள் இரண்டு அடையாள அட்டைகளை எடுத்து வைத்திருந்தாள். "ஒருத்தர்தானா கண்ணு? ரெண்டு பேருன்னுல்ல எழுதியிருக்கு?"

"நான் மட்டுந்தாங்க."

அந்த அம்மாள் ஒரு அட்டையைத் திரும்ப மேசை இழுப்பறைக்குள் போட்டாள்.

சாப்பாட்டுக்கூடம்தான் அரங்கம். இறைச்சிக் குழம்பு வாசனை இன்னும் போகவில்லை. பதினைந்து வயதுப் பிள்ளைகள் முப்பது பேர், நனைந்த கோட்டுகளோடு பெஞ்சுகளில் சரிந்து கிடந்தார்கள். ஆங்கில ஆசிரியை திருமதி ஓல்ட்ராய்ட் காதோடு சொன்னாள்: "வெள்ளிக்கிழமை கடைசி ரெண்டு பீரியடு. இதுங்க ஏதாவது பேசுனா மனசுல வச்சுக்காதீங்க."

நாடகம் நானூறு வருடப் பழசு. கடலில் மூழ்கிப்போனான் என்று ஊரே நம்பிய ஒரு கம்பளி வியாபாரி ஒன்பது வருடம் கழித்துத் திரும்பி வந்து தன் வீட்டுக் கதவைத் தட்டுகிறான். மனைவி உள்ளே நிற்கிறாள். குரல் தெரிந்தும் திறக்காமல், யார், எவர் என்று கேள்வி மேல் கேள்வியாகக் கேட்கிறாள். அந்தக் காட்சியைக் கிளெனிஸ் தொப்பியைப் போட்டும் கழற்றியும் நடித்தாள். தொப்பி போட்டால் கணவன். சால்வை போர்த்தினால் மனைவி. ரோலண்ட் இருந்த காலத்தில் கதவுக்கு வெளியே மழையில் நனைந்த கோழி மாதிரி அவன் நடுங்கும்போது கூடமே உருண்டு சிரிக்கும். இன்று ஒரே ஒரு பையன் சிரித்தான். அதுவும் நாடகத்துக்காக இல்லை, பக்கத்தில் இருந்தவன் எதையோ காட்டியதற்காக.

"இந்த வீட்டில் ஒரு கிண்ணம்தான் உண்டு, ஐயா" என்று மனைவி சொல்லும் இடத்தில் கிளெனிஸ் இடுப்பில் கை வைத்து, கண்ணை உருட்டி, வழக்கம்போல நொடித்துச் சொன்னாள். எல்லாப் பள்ளியிலும் கைதட்டல் வாங்கிய வசனம். இங்கே ஓர் இருமல் சத்தம் கேட்டது.

பெஞ்சின் கோடியில் இருந்த ஒரு பெண், தலையைக்கூடத் தூக்காமல், "அது பொய்" என்றாள்.

"டாம்சின்!" என்று அதட்டினாள் ஆசிரியை.

"இருக்கட்டும்" என்றாள் கிளெனிஸ். "எதும்மா பொய்?"

"நீங்க பண்றது. அவ அவனைக் கிண்டல் பண்ணல மிஸ். சோதிச்சுப் பாக்கவும் இல்ல. அவளுக்கு அவன் உள்ள வர்றது பிடிக்கல, அவ்வளவுதான்."

முன்வரிசையில் இருந்த டெக்லன் என்ற பையன் திரும்பினான். "ஏய், செத்தவன் நீந்தி வந்திருக்கான். ஒரு டீ குடுக்கக் கூடாதா?"

"ஒம்பது வருஷம் கழிச்சா? நீ போய்க் குடு."

"நீயெல்லாம் கல்நெஞ்சுக்காரிடி."

"ஒம்பது வருஷமா அவ தனியா கடைய நடத்தியிருக்கா. தனியா தூங்கிப் பழகிட்டா. முதல் ரெண்டு வருஷம் அழுதிருப்பா, சரியா? அப்புறம் அழுகை நின்னிருக்கும். இப்ப இவன் உள்ள வந்தா எல்லாத்தையும் முதல்லருந்து ஆரம்பிக்கணும்."

கூடத்தில் சரிந்து கிடந்தவர்கள் நிமிர்ந்தார்கள். ஒரு பக்கம் "திற" என்றது, ஒரு பக்கம் "திறக்காதே" என்றது. "முதல்ல குளிச்சிட்டு வரச் சொல்லு" என்று எவனோ கத்தினான். கிளெனிஸ் சால்வையைக் கழற்றினாள்.

"யாராவது நாலு பேர் என் வேனுக்கு வாங்க" என்றாள்.

மழையில் ஓடிப் போய்க் கதவைத் தூக்கி வந்தார்கள். அதைக் கூடத்தின் நடுவில் நிறுத்தினாள். டெக்லனை வெளியே நிற்க வைத்துத் தொப்பியைக் கொடுத்தாள். டாம்சினை உள்ளே நிற்க வைத்தாள். "முதல்ல உங்க வார்த்தையிலயே சண்டை போடுங்க. புத்தகத்தைத் தொடாதீங்க."

டெக்லன் தட்டினான். "ஏ புள்ள, நான்தான். கதவைத் திற, குளிருது."

"எந்த நான்?"

"உன் புருஷன்!"

"அவன் செத்துட்டான். நான் கல்லறைக் கல்லு வச்சு, பேரு கூட வெட்டிட்டேன்."

பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். ஐந்து நிமிடம் அப்படியே ஓடியது. பிறகு கிளெனிஸ் இருவர் கையிலும் புத்தகத்தைக் கொடுத்தாள். "இப்ப நீங்க பேசுனது எல்லாம் இதுலயும் இருக்கு. எந்த வரியில இருக்குன்னு தேடிப் பிடிச்சுச் சொல்லுங்க."

அவர்கள் தேடினார்கள். கூடமே தேடியது. "மூணாவது வரி, மூணாவது வரி" என்று பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். வாயில் நுழையாத பழைய சொற்கள் இப்போது அவர்களுக்குத் தேவைப்பட்டன. தேவைப்பட்டதும் நுழைந்தன.

டாம்சின் அந்தக் கிண்ண வசனத்துக்கு வந்தாள். நொடிக்கவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. உள்ளங்கையைக் கதவின் மேல் வைத்து, மன்னிப்புக் கேட்பதுபோலச் சொன்னாள். வெளியே டெக்லன் அடுத்த வரியைச் சொல்லவில்லை. தொப்பியைக் கழற்றிவிட்டு, கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்துவிட்டான். புத்தகத்தில் அப்படி எதுவும் இல்லை.

யாரும் சிரிக்கவில்லை. இருபத்தொரு வருடமாகத் தான் அந்த வரியை நாசம் செய்துகொண்டிருந்தது கிளெனிஸுக்குப் புரிந்தது. அதைவிட, தன் விஷயம் ஒன்று இந்த முப்பது பேர் முன்னால் சொல்லப்பட்டுவிட்டதுபோல முகம் சுட்டது.

மணி அடித்தது. ஒரு நிமிடத்தில் கூடம் காலி. அந்தப் பெண்ணுக்கு இதெல்லாம் எப்படித் தெரிந்தது என்று கேட்க நினைத்துக் கிளெனிஸ் வாசல்வரை போனாள். டாம்சின் அதற்குள் பேருந்தில் ஏறி, ஜன்னலோரம் காதில் எதையோ மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பேருந்து கிளம்பியது. கதவை வேனில் ஏற்றப் பள்ளிக் காவலாளி ஒரு கை கொடுத்தார்.

விடுதி அறையில் ஐந்து மணிக்குத் தொலைபேசி அடித்தது. வெள்ளிக்கிழமைதோறும் ரோலண்ட் கூப்பிடுவான். அவள் பெரும்பாலும் எடுப்பதில்லை. இன்று எடுத்தாள்.

"எடுத்துட்டியே! எப்படி இருந்துது இன்னைக்கு?"

"அந்தக் கிண்ண வசனத்தை நாம இத்தனை நாளா தப்பாச் சொல்லியிருக்கோம், ரோலண்ட்."

"தப்பாவா? ஒரு தடவைகூட சிரிப்பு வராமப் போனதில்லையே!"

"அதான் தப்பு."

அவன் பேச்சை மாற்றினான்: "முழங்கால் இப்ப பரவால்ல, க்ளென். அக்கா வீட்ல நாள் பூரா டிவிதான். ஏப்ரல்ல வரட்டுமா? பழையபடி."

இந்தக் கேள்விக்காக ஐந்து மாதம் காத்திருந்தவள் அவள். குளியலறையிலும் வேனிலும் இதற்கு விதவிதமாகப் பதில் சொல்லிப் பார்த்திருக்கிறாள்.

"வேண்டாம், ரோலண்ட்."

"இன்னும் கோவமா?"

"கோவம் எப்பவுமே இல்லை. இருந்திருந்தா சண்டை போட்டுத் தீத்துட்டு வான்னு சொல்லியிருப்பேன்."

உடம்பைப் பார்த்துக்கொள் என்று இருவரும் சொல்லிக்கொண்டார்கள்.

மறுநாள் சனிக்கிழமை, செய்ய ஒன்றுமில்லை. கடற்கரைச் சாலையில் நடந்தாள். பேருந்து நிழற்குடையில் உட்கார்ந்து, யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு அழுதாள். சரியாகச் செய்தோமா என்று தெரியவில்லை. பசித்தது. உருளைக்கிழங்கு வறுவல் வாங்கி, வினிகர் ஊற்றி, காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று தின்றாள்.

ரோலண்ட் அதன் பிறகு வெள்ளிக்கிழமைகளில் கூப்பிடவில்லை. முதல் சில வாரம் ஐந்து மணி ஆனதும் அவளுக்கு எங்கே உட்காருவது என்றே தெரியாது.

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு வந்த திங்களன்று, அடுத்த பள்ளியில் அவள் நடிக்கவில்லை. கதவைத் தூக்க நாலு பேர், நிற்க இரண்டு பேர் என்று கேட்டாள். அங்கே கதவுக்கு உள்ளே நின்ற பெண் கிண்ண வசனத்தைச் சொல்லிவிட்டுத் தானே சிரித்துவிட்டாள். வெளியே நின்ற பையன் உதைத்ததில் கதவின் கீல் ஒன்று பெயர்ந்தது. ஆனால் மணி அடித்த பிறகும் நாலைந்து பேர் போகாமல் நின்று, நாடகத்து மனைவி கதவைத் திறந்திருக்க வேண்டுமா கூடாதா என்று அடித்துக்கொண்டார்கள். கிளெனிஸ் திருப்புளியைத் தேடிக்கொண்டே, அவர்கள் பேசி முடிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.