இரவல் சூடு

மேலிடத்திலிருந்து ஆள் வந்து பார்க்கப்போகிறது என்றால் என்ன செய்யவேண்டும் என்று தவராசாவுக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மாவட்ட அரசாங்க அலுவலகமான யாழ்ப்பாணக் கச்சேரியில் தலைமை எழுதுவினைஞராக இருந்தவர். அரசாங்க அதிபர் வருகிற நாளில் கால் உடைந்த கதிரைகள் பின் அறைக்குப் போகும்; கூரை ஒழுகுகிற இடத்துக்குக் கீழே பூச்சாடி வந்து நிற்கும். அதிபர் பார்த்து மெச்சிவிட்டுப் போவார். கூரை தன்பாட்டுக்கு ஒழுகும். இப்போது தவராசா, யூன் யூலையில் குளிர்காலம் வருகிற தென்கோடி நாட்டில், மங்கரேயில், விமான நிலையத்துக்குப் பக்கத்துக் கிடங்கொன்றில் பெட்டி அடுக்குகிறார். ஆனால் அந்தக் கலை கைவிட்டுப் போகவில்லை.

அந்த வருடம் நகரசபை, குளிரில் வாடும் வீடுகளுக்கு ஹீற்றரும் கரண்ட் பில்லில் ஒரு பங்கும் தருவதாக அறிவித்திருந்தது. தொடக்கவிழா மண்டபத்தில் வெக்கை தாங்க முடியவில்லை. ஏழைகளின் குளிரைப் பற்றி உருகிப் பேசிய உறுப்பினர், கோட்டைக் கழற்றிவிட்டு நெற்றியைத் துடைத்துத் துடைத்துப் பேசினார். ஒரே ஒரு நிபந்தனை: அதிகாரி வீட்டுக்கு வந்து பார்ப்பார்.

தவராசாவின் மனைவி செல்வநாயகிக்கு அந்த ஹீற்றர் கட்டாயம் வேண்டியிருந்தது. அவளுக்கு நெஞ்சில் சளி கட்டியிருந்தது. படுக்கையறையைச் சூடாக, ஈரமில்லாமல் வைத்திருக்காவிட்டால் இந்தக் குளிர்காலம் பொல்லாததாகப் போகும் என்று டொக்டர் இரண்டு தரம் சொல்லிவிட்டார். அந்த அறையின் சுவரிலோ கறுப்புப் பூஞ்சணம், விடிந்தால் யன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழியும்.

அதிகாரி வருகிற நாளன்று தவராசா விடியவே வேலையில் இறங்கினார். பூஞ்சணம் பிடித்த இடமெல்லாம் சாமிக் கலண்டர் ஏறியது. முருகன் ஒருவர் போதாமல் பிள்ளையாரும் வந்தார். பிறகு அதே தெருவில் இருந்த மன்னார்ப் பீற்றரிடம் போய் ஹீற்றர் இரவல் கேட்டார்.

"என்னத்துக்கண்ணை?"

"நகரசபையாலை ஆள் வருகுது. வீடு விறைச்சுப்போய்க் கிடந்தா மரியாதையே?"

"அண்ணை, அவை பாக்க வாறதே விறைக்குதோ எண்டுதானே!"

"உனக்கு உத்தியோகத்தரைத் தெரியாது பீற்றர். ஒழுங்கான குடும்பம் எண்டு கண்டாத்தான் குடுப்பினம். நாறல் வீட்டுக்கு ஆர் குடுப்பான்?"

பீற்றர் தன்னுடையதையும் கொடுத்து, இன்னும் இரண்டு வீட்டில் வாங்கியும் கொடுத்தார். மத்தியானத்துக்குள் வீடு கொதித்தது. செல்வநாயகி கம்பளிகளைக் கழற்றிவிட்டுக் கூறைச்சேலை உடுத்து, பயத்தம் பணியாரம் சுட்டு வைத்தாள்.

வந்தவள் நல்ல மனமுள்ள வெள்ளைக்காரப் பெண். பணியாரம் இரண்டு சாப்பிட்டாள். கலண்டர்கள் அழகாக இருக்கின்றன என்றாள்.

"வீடு எப்போதும் இப்படிச் சூடாகத்தான் இருக்குமா?"

"எப்போதும், மேடம்," என்றார் தவராசா, கச்சேரி ஆங்கிலத்தில்.

செல்வநாயகி இருமினாள். "மிளகாய் வறுத்தவ, மேடம்," என்றார் தவராசா அவசரமாக.

அந்தப் பெண் செல்வநாயகியின் பக்கம் திரும்பி, "இரவில் உங்களுக்குக் குளிர்வதில்லையா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

செல்வநாயகி புருசனைப் பார்த்தாள். அவர் மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றார். பிறத்தியாளுக்கு முன்னால் அவரைப் பொய்யராக்க அவளுக்கு வாய் வரவில்லை.

"நோ. வெரி நைஸ்," என்றாள்.

அதிகாரி எழுந்து கை கொடுத்தாள். "நான் போகிற வீடெல்லாம் இப்படி இருந்தால் எவ்வளவு நல்லது! உங்கள் பங்கு ஹீற்றரை உண்மையில் குளிரில் கிடப்பவர்களுக்குக் கொடுத்துவிடுவேன். நீங்கள் சந்தோசப்படுவீர்கள்."

தவராசா சந்தோசப்பட்டார். கார் தெருமுனை திரும்பும்வரை கை காட்டினார். உள்ளே வந்து ஹீற்றர் வயரைக் கழற்றக் குனிந்தபோதுதான் அவள் சொன்னது என்னவென்று விளங்கியது.

ஹீற்றரை எடுக்க வந்த பீற்றர் நடந்ததைக் கேட்டுவிட்டு முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "போன் எடுத்து உண்மையைச் சொல்லுங்கோ அண்ணை. அந்த மனிசி விளங்கிக்கொள்ளும்."

"பொய் சொன்னனான் எண்டு சொல்லச் சொல்லுறியோ?"

அடுத்த நாள் போனைத் தூக்கினார். அதற்கடுத்த நாளும் தூக்கினார். இரண்டு தரமும் காதில் வைத்திருந்துவிட்டுத் திரும்ப வைத்தார்.

"விடுங்கோப்பா," என்றாள் செல்வநாயகி, இரண்டு போர்வைக்குள்ளிருந்து. "செப்டெம்பர் வந்தாக் குளிர் குறைஞ்சிடும்தானே."

செப்டெம்பரை அவள் காணவில்லை.

செத்தவீட்டுக்குச் சனம் வந்தது. சப்பாத்தைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு இருக்கிற சனத்துக்குக் குளிருமென்று பீற்றர் தன் ஹீற்றரைக் கொண்டுவந்து ஹோலில் வைத்தார். வேறு வீடுகளிலிருந்தும் கேட்காமலே வந்தன. நகரத்தின் மறுகோடியில் இருக்கிற ஆல்பனியிலிருந்து தமிழ்ச் சங்கத் தலைவர் சதாசிவம் வந்தார். செல்வநாயகியோடு ஒருநாளும் கதைத்திராத அவர், அவளுடைய நற்குணங்களைப் பற்றி நெடுநேரம் பேசினார். பேசி முடித்துக் கோட்டைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு சொன்னார்:

"பரவாயில்லைத் தவராசா, வீட்டை நல்ல சூடா வச்சிருக்கிறீர்."

தவராசா எழுந்தார். ஹீற்றர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் படுக்கையறைக்குக் கொண்டுபோனார். கட்டிலில் அவள் படுத்திருந்த பக்கத்தைப் பார்க்கத் திருப்பி வைத்து, எல்லாவற்றுக்கும் சுவிச்சைப் போட்டார். வெக்கை வெளியே போகாமல் கதவை இறுக்கிச் சாத்தினார்.

ஹோல் மெல்ல மெல்லக் குளிர்ந்தது. சதாசிவம் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார்.