மூன்றாம் மாடிக் கடற்பசு

கடலில் ஓதம் ஏறும் சில நாட்களில் ஒரு கடற்பசு மூன்றாம் மாடி ஜன்னல் வழியாக நீந்தி வந்து, கூடத்தில் விரித்திருந்த பச்சைத் தரைவிரிப்பை மேய்ந்துவிட்டுப் போனது. தண்ணீர் ஒரு சொட்டு இல்லை, விலங்கு மட்டும்தான். சோபாவைவிட ஒரு முழம் நீளம். அந்த வீட்டில் இருந்தது ஒரு கணவனும் மனைவியும். இருவருக்கும் கடற்பசுக்களைக் கணக்கெடுக்கும் வேலை. படகில் அவள் இடப்பக்கம், அவன் வலப்பக்கம், நடுவில் தடுப்புத் துணி. எதைப் பார்த்தாலும் ஒருவர் மற்றவரிடம் மூச்சு விடக்கூடாது. தனித்தனியே எழுதி, உறையில் ஒட்டித் தர வேண்டும். இருவரும் பார்த்திருந்தால்தான் கணக்கில் சேரும். வீட்டிலும் விதி செல்லுமா என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. செல்லாது என்றும் எழுதியிருக்கவில்லை. ஆகவே அவள் வாயைத் திறக்கவில்லை; எழுதி உறையில் மட்டும் ஒட்டி வைத்தாள்.

விரிகுடாவில் கடற்பசு கடைசியாகத் தென்பட்டு ஒன்பது வருடம் ஆகியிருந்தது. பத்து முடிந்தால் பாதுகாப்பை நீக்கிவிடுவார்கள்; இழுவைமடிப் படகுகள் உள்ளே வந்து கடற்புல்லை வேரோடு வாரிவிடும். அவள் தலைமுடி பாதி நரைத்ததே அந்தப் புல்லுக்காகத்தான். வீட்டுக்கு வருவதை இவனும் பார்க்கிறானா இல்லையா என்பதுதான் அவளை அரித்தது. கடற்பசு உரசிக்கொண்டு போகும்போது அவன் செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல் காலை மட்டும் மடக்கிக்கொள்வான். அதை நம்ப முடியுமா? வீடு பெருக்கும்போதும் மனுஷன் அப்படித்தான் மடக்குவான்.

"விரிப்பு ரொம்ப தேயுதே" என்றாள் ஒருநாள், காற்றைப் பார்த்துச் சொல்வதுபோல.

"மட்டமான சரக்கு" என்றான் அவன். மறுநாள் அவனே புதிதாக ஒன்று வாங்கி வந்தான். அதுவும் பச்சை.

பத்தாம் வருடம் முடிய ஒரு வாரம் இருக்கையில் மேலதிகாரி உறைகளைப் பிரித்தார். அவளுடையவை நாற்பத்தொன்று, அவனுடையவை நாற்பத்தொன்று. தேதியும் நேரமும் அச்சு அசலாக ஒத்துப்போயின. மேலதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஏம்மா, ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு ஒரு வார்த்தைகூடவா பேசிக்கல?"

"விதி சார்" என்றார்கள் இருவரும்.

"சரி, இதுல மட்டும் இடிக்குதே. நீங்க ஒண்ணுன்னு எழுதியிருக்கீங்க. அவர் எல்லாத்துலயும் ரெண்டுன்னு எழுதியிருக்காரு."

"கூடவே குட்டி ஒண்ணு வரும் சார்" என்றான் கணவன். "தாய்க்கு அந்தப் பக்கமா ஒட்டிக்கிட்டு. அவ உக்கார்ற இடத்துலேர்ந்து தெரியாது."

அவள் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள். "குட்டியா! ஒரு வருஷமா நீங்க மட்டும் பாத்துக்கிட்டு இருந்திருக்கீங்க! ஜாடையாவாவது சொல்லக் கூடாதா?"

"நீ கேக்கவே இல்லையே."

"கேக்கக் கூடாதுல்ல!"

அழுவதா அவனை அடிப்பதா என்று தெரியாமல் அவள் இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்தாள். மேலதிகாரி அந்த நேரத்தில் விதிப் புத்தகத்தைப் புரட்டி, கரையிலிருந்து இருநூறு அடிக்குள் பார்த்தால் செல்லும், எத்தனையாவது மாடி என்று விதி கேட்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, முத்திரை குத்தினார். விரிகுடா தப்பியது. வரைபடத்தில் அந்தக் கூடமும் சேர்ந்தது, 'ஆழம்: இல்லை' என்ற குறிப்புடன்.

அதன்பிறகு சோபாவில் அவன் உட்காரும் வலது ஓரம் அவளுக்கு. இப்போது குட்டி நன்றாக வளர்ந்துவிட்டது. ஜன்னலின் இன்னொரு கதவையும் திறந்து வைக்கிறார்கள்.