நாற்பது நிமிடம் ஓடிய பிறகு

கண்ணால் பார்க்காத பழுதில் கை வைக்க மாட்டேன் என்பது அந்தக் கார் ஏசி மெக்கானிக்கின் கொள்கை. கேட்க நன்றாகத்தான் இருக்கும். அந்தக் கொள்கையைக் கட்டிக்கொண்டு கூடப் பிறந்த தங்கையையே மூன்று முறை திருப்பி அனுப்பினான் மகராசன்.

மூன்று முறையும் புருஷனின் பழைய காரை அவளே ஓட்டிக்கொண்டு வந்தாள். "நாற்பது நிமிஷம் ஓடினா ஏசி நின்னுடுதுண்ணா. அப்புறம் தானா வருது" என்பாள். அவன் ஷெட் நிழலில் பத்து நிமிடம் இன்ஜினை ஓடவிடுவான். கேஸ் சரி, ஃபியூஸ் சரி, ரிலே சரி. காற்று ஜில்லென்று வரும். "வண்டில ஒண்ணுமில்ல. எல்லாம் உன் பிரமை" என்று பானெட்டை மூடுவான்.

இரண்டாம் முறை அவள் உதடு கிழிந்திருந்தது. மூன்றாம் முறை இடது கையில் இரண்டு விரல்கள் வீங்கியிருந்தன. "ஏசி நின்னா அவருக்கு வெறி பிடிச்சிடுதுண்ணா. அடிக்கிறாரு" என்றாள். மாப்பிள்ளையோ மச்சான் முன்னால் இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்று நிற்கிற ஆள். "நான் ஒருநாளும் பார்த்ததில்லையே" என்றான் அண்ணன்.

நான்காம் முறை அவள் கெஞ்சவில்லை. "இன்னைக்கு நீயும் வண்டில ஏறு. நாற்பது நிமிஷம் உட்காரு. அப்பவும் ஒண்ணுமில்லேன்னா நான் அந்த வீட்டுலயே கிடந்து சாகறேன். உன்கிட்ட வந்து நிக்க மாட்டேன்."

உச்சி வெயில். வழியில் ஏறிக்கொண்ட புருஷன் ஓட்டினான், மெக்கானிக் பக்கத்தில், அவள் பின்சீட்டில். முப்பத்தெட்டாவது நிமிடம் காற்று சூடானது.

"ஓரங்கட்டுங்க மாப்ள. இன்ஜினை அணைச்சிடாதீங்க."

பானெட்டைத் திறந்தான். பெல்ட் ஓடியது, கம்ப்ரசரின் சக்கரம் சுற்றியது, அதன் முகத்தில் இருந்த கிளட்ச் தட்டு மட்டும் அசையாமல் நின்றது. கையோடு கொண்டுவந்த சுத்தியலின் நீண்ட மரக்காம்பால் அதை ஒரு தட்டு தட்டினான். டக்கென்று கவ்விக்கொண்டு சுழன்றது. இவ்வளவுதான் விஷயம். தட்டு தேய்ந்து இடைவெளி கூடிவிட்டது, தட்டை இழுத்துப் பிடிக்கும் காந்தம் சூடேறியதும் தெம்பில்லாமல் போகிறது. நிழலில் பத்து நிமிடம் பார்த்தால் ஏழு ஜென்மத்துக்கும் தெரியாது. தங்கை சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை. அவனுக்கு வெட்கமாக இருந்தது. அவளிடம் சொல்லலாம் என்று நிமிர்ந்தான்.

பானெட்டின் அடி இடுக்கு வழியாக உள்ளே தெரிந்தது. புருஷன் சீட்டில் திரும்பி, அவள் முடியைக் கொத்தாகப் பிடித்து, நெற்றியை ஜன்னல் கண்ணாடியில் மோதிக்கொண்டிருந்தான். "உன்னாலதான்டி வெயில்ல வேகறேன்!" ஒன்று. இரண்டு. மூன்றாவது மோதலில் கண்ணாடி சிவந்தது.

மெக்கானிக் கதவைப் பிடுங்கித் திறந்து அவனைச் சட்டையோடு வெளியே இழுத்தான். "மச்சான், சும்மா விளையாட்டுக்கு..." என்று அவன் சிரித்தான். சுத்தியல் காம்பின் முதல் அடியில் அந்தச் சிரிப்பிலிருந்து இரண்டு பல் தெறித்தது. மாப்பிள்ளை அவன் மணிக்கட்டைக் கடித்தான். மெக்கானிக் அவன் முகத்தைக் கொதிக்கும் தார்ச்சாலையில் அழுத்தித் தேய்த்தான், கையை மிதித்தான், உள்ளே ஏதோ முறிந்தது. விழுகிற அடியில் பாதி தனக்கு விழவேண்டியது என்று அவனுக்கே தெரிந்தது. அதனால்தான் நிறுத்த முடியவில்லை.

மூச்சு வாங்கி நிமிர்ந்தபோது தங்கை எதிரில் நின்றாள். ரத்தம் புருவத்தில் இறங்கி, கன்னத்தில் வழிந்தது.

"கண்ணால பார்த்தாச்சு. கையும் வெச்சாச்சு. இப்ப திருப்திதானேண்ணா?"

"வாம்மா, நம்ம வீட்டுக்குப் போலாம்" என்றான்.

அவள் பானெட்டைப் படாரென்று சாத்தினாள். ஓட்டுநர் சீட்டில் ஏறிக் கதவை அடைத்தாள். உள்ளே ஏசி ஜில்லென்று வந்துகொண்டிருந்தது.

"தனியா போகாதம்மா! இன்னும் ரிப்பேர் பண்ணல. மறுபடி நின்னுடும்!" அவன் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கத்தினான்.

அவள் கண்ணாடியை இறக்கிக் கை நீட்டி, அவன் பிடியிலிருந்து சுத்தியலை வாங்கிக்கொண்டாள்.

"நின்னா நானே தட்டிக்கிறேன்" என்றாள். கியரைப் போட்டாள். இரண்டு ஆண்களும் நடுவெயிலில் நின்றார்கள், ஒருவன் காலில், ஒருவன் முட்டியில்.