ஆஸ்லின் வைக்காத பெருவிரல்

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் கோயிலை ஒட்டிய ஓட்டுக் கட்டடத்தில் பதினேழு பிள்ளைகள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். பிரெசில்லாவுக்கு அதுதான் முதல் மறைக்கல்வி வகுப்பு. உச்சிப்புளியிலிருந்து பாம்பன் பக்கத்துக் கடற்கரை ஊருக்கு வாக்கப்பட்டு வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. "சின்னப் பிள்ளைகதானம்மா, உலகம் உண்டானதைச் சொல்லிக்கொடு" என்று பங்குச்சாமி சவேரியார் ஒப்படைத்துவிட்டுப் போயிருந்தார்.

நாலு நாள் படைப்பு சிக்கலில்லாமல் போனது. ஐந்தாம் நாள் கடலில் மீன் வந்ததும் வகுப்பு கையை மீறியது.

"முதல்ல எந்த மீனு டீச்சர்? சூடையா, சாளையா?" என்றான் ஆன்டோ.

"ஏலே, நண்டுதாம்லே முதல்ல," என்றான் ஜெபஸ்டின். "அது கோணக்கா மாணக்கான்னு போறதப் பாத்தாலே தெரியல? செஞ்சு பழகிருக்காரு."

பிரெசில்லா சிரிப்பை விழுங்கிக்கொண்டு ஆறாம் நாளுக்குத் தாவினாள். மண்ணால் மனிதனைச் செய்து, மூக்கில் ஊதி உயிர் கொடுத்த கதையைச் சொன்னாள். பிறகு, மூன்று நாளாக யோசித்து வைத்திருந்த வித்தையை எடுத்தாள்: ஒரு மை டப்பா, ஒரு வெள்ளைச் சார்ட்.

"உங்கள ஒவ்வொருத்தரையும் கடவுள் தனித்தனியாச் செஞ்சாரு. அதுக்கு அடையாளம் பெருவிரல்ல இருக்கு. ஒருத்தர் ரேகை மாதிரி இன்னொருத்தருக்கு இருக்காது. வாங்க, வச்சுப் பாப்போம்."

தள்ளுமுள்ளுதான். சார்ட் நீலமானது, ஆன்டோவின் மூக்கும் நீலமானது. ஏழு வயது ஆஸ்லின் மட்டும் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"நீயும் வாம்மா."

"மாட்டேன். எங்கம்மாவுக்கு ரேகையே இல்ல டீச்சர். ரேசன் கடையில விரல வச்சா மெசினு கீங்கும். தொடச்சிட்டு வையிம்பாக. மறுபடியும் கீங்கும்."

"கண்ணக் காட்டுற மெசினு இருக்குல்ல?" என்றான் ஆன்டோ.

"அது ரிப்பேரு."

"எங்கம்மாவுக்கும் விழாது," என்று இன்னும் ஐந்தாறு கைகள் உயர்ந்தன. எல்லோருடைய அம்மாக்களும் கடலில் முங்கிப் பாறையிலிருந்து பாசி பறிப்பவர்கள். கொடிகளில் காயும் துணிக் கீற்றுகளைப் பிரெசில்லா ஆறு மாதமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் சுற்றிக்கொள்வது அது என்பது இப்போதுதான் உறைத்தது.

"அப்ப எங்கம்மாவ மட்டும் கடவுள் தனியாச் செய்யலையா?" என்றாள் ஆஸ்லின்.

"பிறக்கும்போது இருந்துச்சும்மா. பாறையில தேஞ்சுபோச்சு."

"தேஞ்சா, கடவுளுக்கு அம்மாவத் தெரியாமப் போயிருமா?"

சொன்ன பதில் காரியத்தைக் கெடுத்துவிட்டது. இந்த எண்ணத்தோடு பிள்ளை வீட்டுக்குப் போனால், தன் தாயைக் கடவுளே மறந்துவிட்டார் என்று பாடம் நடத்தியதாக ஆகிவிடும். கரையில் நின்று பார்த்த ஒரு காட்சி பிரெசில்லாவுக்கு நினைவு வந்தது. கடலில் முங்கும் எல்லாப் பெண்களுக்கும் புருஷன் சட்டை, தலைத்துணி, முங்குகிற கண்ணாடி. அதில் தன் நாத்தனார் யார் என்றே அவளுக்குத் தெரியவில்லை.

"அம்மா கடல்ல கெடக்கும்போது, எது அம்மான்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

"அய்ய, டீச்சருக்குத் தெரியலையாம்!" என்று ஆன்டோ விழுந்து சிரித்தான்.

ஆஸ்லின் இரக்கத்தோடு பார்த்தாள். "மூச்சுலதான். முங்கி மேல வந்ததும் ஊதுவாகள்ல? எங்கம்மா இப்பிடி." உதட்டைக் குவித்து ஊதினாள். ஃபூ என்று கிளம்பி, மேலே ஏறி, கீச்சென்று முடிந்தது.

"எங்கம்மா குக்கர் மாதிரி!" ஆன்டோ கன்னத்தை உப்பி வெடித்தான். ஜெபஸ்டினின் அம்மா நீளமாக விசிலடித்து, ஒரு இருமலும் இருமி, பிறகுதான் மூச்சு வாங்குவாளாம். அதையும் செய்து காட்டினான். அப்புறம் யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை, ஆளாளுக்கு ஊதித் தள்ளினார்கள்.

சத்தம் கேட்டுச் சவேரியார் சாமி ஓடிவந்தார். "எந்தப் பிள்ளைக்கும்மா மூச்சிழுப்பு?"

"யாருக்கும் இல்ல சாமி. ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல பாருங்க," என்றாள் பிரெசில்லா. சாமிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஆஸ்லின், இன்னொருக்கா ஊது. சத்தமா."

ஆஸ்லின் ஊதினாள். வெளியே, தாய்மார் காத்திருந்த பூவரசு மரத்தடியிலிருந்து அதே ஃபூ, அதே கீச்சு திரும்பி வந்தது. பின்னாலேயே குரலும் வந்தது. "யாருடி அது, உள்ள என்னைய மாதிரியே ஊதுறது?"

ஜன்னலில் ஆஸ்லினின் அம்மா மரியசெல்வத்தின் முகம் தெரிந்தது. அம்மாவைப் பார்த்துச் சிரித்த ஆஸ்லின் விறுவிறுவென்று மை டப்பாவிடம் போய், பெருவிரலை நன்றாகத் தோய்த்து சார்ட்டின் நடுவில் அழுத்தினாள். பிறகு சார்ட்டை ஜன்னலுக்குத் தூக்கிக்கொண்டு போனாள். "நீயும் வையிம்மா. விழாட்டி பரவாயில்ல."

மகளுடைய ரேகைக்குப் பக்கத்தில் ஒரு நீலப் பொட்டு விழுந்தது. வழவழப்பாக, கோடே இல்லாமல்.

"டீச்சர்," என்றான் ஜெபஸ்டின், "மண்ணுல செஞ்சு மூக்குல ஊதுனாருன்னீகளே. கடவுளு எப்பிடி ஊதுனாரு?"

பிரெசில்லா சாமியைப் பார்த்தாள். சாமி கூரையைப் பார்த்தார்.

"எங்கம்மா மாதிரித்தான்," என்றாள் ஆஸ்லின்.

"போடி, குக்கர் மாதிரி!" என்றான் ஆன்டோ.

சண்டை மூண்டது. ஆஸ்லின் நீல விரலைக் கவுனில் துடைத்துக்கொண்டே வரிந்துகட்டினாள். "அடியே, புதுக் கவுனுடி அது!" என்று ஜன்னலில் மரியசெல்வம் கத்தியது யார் காதிலும் விழவில்லை.