பருந்து வீட்டுக் குடித்தனம்

மைதானத்து விளக்குக் கம்பத்தின் உச்சியில் பருந்து கூடு கட்டியிருந்தது. அந்தக் கூட்டின் அடிச்சுள்ளிகளுக்குள் சிட்டுக்குருவிகள் குடியேறியிருப்பதை முதலில் கண்டுபிடித்தவன், பல்பு மாற்ற ஏறிய மின் ஊழியன்தான். மூன்று வாரமாக ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தான்: "மேல ஹவுஸ் ஓனர், கீழ குடித்தனம். ஓனர் மூக்கைப் பார்த்துட்டு ஒரு காக்கா கிட்ட வருமா?"

விளக்கை மறைக்கும் கூடு என்றாலும், குஞ்சுகள் பறந்து அது காலியானால்தான் பிரிக்கலாம் என்பது வேலை விதி. ஏறியவன் பார்த்து "காலி" என்று கத்த வேண்டும். அதைக் கேட்டு, கீழே சூப்பர்வைசர், அதாவது அவன் மனைவியின் அண்ணன், ஆட்களைத் தள்ளி நிற்க வைப்பார்.

பருந்துக் குஞ்சுகள் பறந்துபோன மறுநாள் ஏறினான். தாய்ப்பருந்து தலைக்கு மேலேயே வட்டமடித்தது. எட்டிப் பார்த்தான்: ஒரு கந்தல், இரண்டு எலும்பு. "காலி!" என்று கத்தியபடியே காலால் நெம்பித் தள்ளினான்.

"மாப்ள, காலின்னீங்களே?" கீழிருந்து குரல் வந்தது.

"காலிதான் மச்சான்."

"அப்போ இதுங்க யாரு?"

இறங்கி வந்து பார்த்தான். சிதறிய சுள்ளிகளுக்கு நடுவே மூன்று குருவிக் குஞ்சுகள். இரண்டு அசையவில்லை.

"மறந்துட்டேன் மச்சான்."

"சரி விடுங்க, மனுஷன்தானே."

அவர் நம்பியதுதான் செருப்பால் அடித்தது போலிருந்தது. சுள்ளிக்குள் கைவிட்டுத் துழாவ அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடம் பருந்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

"மறக்கலை மச்சான்," என்றான். "பயந்துட்டேன்."

வழக்கமாக நாலு கிண்டலாவது செய்கிறவர், குனிந்து உயிரோடிருந்த குஞ்சை எடுத்து அவனிடம் நீட்டினார்.

மிஞ்சிய குஞ்சைத் தன் ஹெல்மெட்டில் வைக்கோலோடு வைத்து, மறுபடி ஏறிக் கம்பத்தில் கட்டினான். தாய்க்குருவி வாயில் புழுவோடு பக்கத்து விளக்கில் வந்து உட்கார்ந்தது. அங்கிருந்து நகரவில்லை.

"வாம்மா, வா," என்றான்.

"மாப்ள, இறங்கி வாங்க! நீங்க நிக்கிறவரைக்கும் அது வராது."

பருந்துக்கு அடியில் குடும்பம் நடத்திய குருவி, இவனுக்குப் பயந்தது!

ஒவ்வொரு படியாக இறங்கினான். தரைக்கு வந்தும் தலை நிமிரவில்லை.

"போயிடுச்சா மச்சான்?"

"உள்ள போயிடுச்சு. பாருங்களேன்."

"நீங்களே பாருங்க," என்று சுள்ளிகளைப் பொறுக்க ஆரம்பித்தான்.