முதலில் யார் கேட்பது?

வக்கீலாகி எட்டு வருடம் ஆகியும் கோர்ட் வளாகத்தில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வாய்தா என்றால்தான் திரும்பிப் பார்ப்பான். சீனியர் வேறு கோர்ட்டில் இருக்கிறார், சாட்சிக்குக் காய்ச்சல், கட்சிக்காரர் ஊரில் இல்லை என்று ஏதாவது ஒன்றைச் சொல்லி, வழக்கை அடுத்த தேதிக்குத் தள்ளி வாங்கி வருவதுதான் அவன் வேலை. அதில் அவன் கில்லாடி. எந்த நீதிபதியிடம் முகத்தை எவ்வளவு தொங்கப்போட வேண்டும் என்பது அத்துப்படி. ஆனால் கூண்டில் ஒரு சாட்சியை நிறுத்தி ஒரே ஒரு கேள்விகூட இதுவரை கேட்டதில்லை.

அவன் மனைவி ஆஸ்பத்திரி பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவள். அவளுக்கு நாக்கும் ஊசிதான். "தினம் எத்தனை பேரைக் குத்தி ரத்தம் எடுக்குறேன். நீங்க ஒரு சாட்சியையாவது வார்த்தையால குத்தியிருக்கீங்களா?" என்று சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்பாள். அவன் குனிந்து ஷூவுக்குப் பாலிஷ் போடுவான்.

இந்த நிலையில்தான் சீனியருக்கு ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் வழக்குகள் வந்து சேர்ந்தன. அதற்கென்று ஆபீஸில் தனி மேஜை போடப்போவதாகச் சீனியர் அறிவித்தார். அந்த மேஜையில் ஒரு ஜூனியருக்குத்தான் இடம். உட்காருகிறவர் வாதாடலாம், சாட்சிகளை விசாரிக்கலாம். மற்றவர் பழைய வேலையைப் பார்க்க வேண்டியதுதான். போட்டியில் இரண்டு பேர். ஒருத்தன் வாய்தா. இன்னொருத்தி அவனுக்கு மூன்று வருடம் பின்னால் சேர்ந்தவள். எதைச் சொன்னாலும் ஆபீஸ் சீலை ஓங்கிக் குத்துகிற மாதிரி சொல்வதால் முத்திரை என்று பெயர் வாங்கியவள்.

இரண்டு பேருக்கும் சட்ட ஆங்கிலம் கற்றுக்கொடுக்கச் சீனியர் ஏற்பாடு செய்தார். ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்த அறையில் சனிக்கிழமை மதியங்களில் வகுப்பு. கட்டணத்தில் மூன்று இடங்கள் அடக்கம் என்பதால், மூன்றாவது இடத்தை வீணாக்க மனம் வராமல் ஆபீஸ் குமாஸ்தாவையும் சேர்த்துவிட்டார். குமாஸ்தாவுக்கு அதில் வருத்தம் இல்லை. சனிக்கிழமை மதியம் வீட்டில் இருந்தால் மச்சான் சீட்டாடக் கூப்பிடுவானாம்.

டீச்சர் அவர்களைவிட வயதில் சிறியவள். ஆங்கிலம் படித்தவள், சட்டம் படித்தவள் அல்ல. கோர்ட்டுக்குள் காலெடுத்து வைத்ததே இல்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். அவளுடைய முறை வேறு மாதிரி இருந்தது. அகராதியைப் பிரித்து வைத்துக்கொண்டு வார்த்தைகளை மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. வாரத்துக்கு ஒரு நாட்டை எடுத்துக்கொண்டு, அங்கே கோர்ட்டுக்கு மேல் கோர்ட் எப்படி அமைந்திருக்கிறது என்று கோபுரம் மாதிரி போர்டில் வரைவாள். வார்த்தைகள் அந்தப் படத்திலிருந்தே வரும். ஒரு நாட்டின் கோர்ட் எப்படி நடக்கிறது என்று தெரியாமல் அதன் ஆங்கிலத்தைப் பேசினால், வேறு வீட்டுச் சாவியை வைத்துக்கொண்டு பூட்டை ஆட்டுகிற கதைதான் என்பாள்.

வாய்தாவுக்குப் படங்கள் ரொம்பப் பிடித்துப்போயின. கலர் பென்சில் வாங்கினான். இங்கிலாந்தில் கட்சிக்காரரைப் பார்க்கிற வக்கீல் வேறு, பெரிய கோர்ட்டில் நின்று வாதாடுகிற வக்கீல் வேறு. பிரான்சில் அரசாங்கத்தின் மீது வழக்குப் போட்டால் அதற்குத் தனிக் கோபுரம். அமெரிக்காவில் மாநிலத்துக்கு ஒரு கோபுரம். எல்லாவற்றையும் பச்சையும் சிவப்புமாக வரைந்து படுக்கையறைச் சுவரில் ஒட்டினான். எந்த நாட்டில் எந்தக் கோர்ட்டுக்கு மேல் எந்தக் கோர்ட் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். நம் வீட்டில் மட்டும் மேல்முறையீட்டுக்கு இடமே கிடையாது என்று மனைவியிடம் சொல்லிப் பார்த்தான். அவள் சிரிக்காமல் விளக்கை அணைத்தாள்.

கடைசி வகுப்பில் பரீட்சை. மாதிரி விசாரணை ஒன்று நடத்த வேண்டும், முழுக்க ஆங்கிலத்தில். சீனியர் வந்து பார்ப்பார், பார்த்துவிட்டு மேஜை யாருக்கு என்று சொல்வார். எந்த நாடு, யாருக்கு என்ன வேடம் என்று சீட்டுக் குலுக்கியதில் ஜெர்மனி வந்தது. வாய்தா நீதிபதி. முத்திரை எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின் வக்கீல். குமாஸ்தா சாட்சி. டீச்சர் மூன்று பேருக்கும் ஒரே கேஸ் கட்டைக் கொடுத்து, ஒரு வாரம் அவகாசமும் கொடுத்தாள்.

வாய்தா அந்த ஒரு வாரமும் கண்ணாடி முன்னால் நின்றான். சஸ்டெயின்ட், ஓவர்ரூல்ட் என்று வக்கீல்களின் ஆட்சேபணையை ஏற்பதையும் தள்ளுவதையும் கனத்த குரலில் சொல்லிப் பார்த்தான். கட்டை மட்டும் பிரிக்கவில்லை. அவன் பார்த்த கோர்ட்டில் நீதிபதி சும்மா உட்கார்ந்திருப்பார். கதையை வக்கீல்கள் சொல்வார்கள், சாட்சியை வக்கீல்கள் கேட்பார்கள். எல்லாவற்றையும் வாயில் ஊட்டிவிட ஆள் இருக்கும்போது முன்கூட்டியே எதற்குப் படிக்க வேண்டும்? ஜெர்மனியின் கோபுரம் அவனுக்கு அடித்தளம் முதல் உச்சி வரை தெரியும். ஆனால் அந்தக் கோபுரத்துக்குள் முதலில் வாயைத் திறப்பது யார் என்பது படத்தில் இல்லை. டீச்சர் அதை விளக்கிய நேரத்தில் அவன் பென்சில் சீவிக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை சீனியர் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். வாய்தா உயரமான நாற்காலியில் ஏறி, விசாரணை தொடங்குவதாக அறிவித்தான். உச்சரிப்பு சுத்தமாக இருந்தது. குமாஸ்தா வந்து நின்றான். வாய்தா முத்திரையைப் பார்த்தான். முத்திரை வாய்தாவைப் பார்த்தாள். அவன் தலையசைத்தான். அவளும் மரியாதையாகத் தலையசைத்தாள்.

அப்புறம் ஒன்றும் நடக்கவில்லை.

கீழே ஜெராக்ஸ் மெஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. முத்திரை பேனா மூடியைத் திறந்து மூடினாள். குமாஸ்தா காலை மாற்றி நின்றான். அவள் ஆரம்பிக்கட்டும் என்று வாய்தா காத்திருந்தான். அவளுக்குப் பயம் வந்து வாய் ஒட்டிக்கொண்டது என்றுகூட ஒரு கணம் நினைத்துப் பரிதாபப்பட்டான். மேஜை தனக்குத்தான் என்று தோன்றியது. சீனியர் தொண்டையைச் செருமினார். அவர் பார்வை முத்திரை மீது இல்லை, தன் மீது இருக்கிறது என்பது அப்போதுதான் வாய்தாவுக்கு உறைத்தது. டீச்சரும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். குமாஸ்தா லேசாகக் குனிந்து, உதடு அசையாமல், "கேளு சார், நீதான் கேக்கணும்" என்றான்.

ஜெர்மனியில் நீதிபதிதான் கட்டைப் படித்துவிட்டு வந்து சாட்சியை முதலில் விசாரிப்பார். வக்கீலின் முறை அதற்கு அப்புறம்தான். அவனோ கட்டின் கயிற்றையே அவிழ்க்கவில்லை. கண்ணாடி முன்னால் பழகிய கனமான வார்த்தை ஒன்றுகூட இப்போது உதவிக்கு வரவில்லை. கடைசியில், சின்னப்பிள்ளை பேசுகிற அளவு ஆங்கிலத்தில், என்ன நடந்தது என்று கேட்டான்.

குமாஸ்தா தட்டுத்தடுமாறிச் சொன்னான். கேஸ்படி அவன் ரயில் நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளை வாங்கி வைக்கும் அறைக்காரன். எதிரி வந்து வேறொருவருடைய கறுப்புப் பெட்டியைத் திருடிக்கொண்டு போய்விட்டான். வாய்தாவுக்கு நிஜமாகவே ஒன்றும் தெரியாததால், தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. நீ எங்கே நின்றாய் என்று கேட்டான். அறைக்கு உள்ளே. எதிரி எங்கே நின்றார்? வெளியே. அவர் உள்ளே வந்தாரா? வரவில்லை, யாரையும் உள்ளே விட மாட்டோம். பெட்டிகள் எங்கே இருந்தன? உள்ளே, அலமாரியில்.

வாய்தாவுக்குக் குழப்பமாக இருந்தது. அப்படியென்றால் பெட்டி வெளியே எப்படிப் போனது என்று கேட்டான்.

குமாஸ்தா முத்திரையைத் திருட்டுத்தனமாகப் பார்த்தான். பிறகு, தான்தான் எடுத்துக் கொடுத்ததாக ஒப்புக்கொண்டான். எத்தனை கறுப்புப் பெட்டிகள் இருந்தன என்று வாய்தா கேட்டான். இரண்டு, அதில் ஒன்று எதிரியுடையது என்று பதில் வந்தது. கடைசி பெஞ்சில் சீனியர் தாடையிலிருந்து கையை எடுத்தார். முத்திரை கையிலிருந்த தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

அவள் முறை வந்தபோது கேட்க அவளிடம் கேள்வி மிச்சம் இல்லை. ஆனாலும் எழுந்து, பெட்டியைத் தவறாக எடுத்துக் கொடுத்தவர் சாட்சிதான், வாங்கிக்கொண்டவர் திருடன் ஆகமாட்டார் என்று தெளிவான ஆங்கிலத்தில் வாதாடினாள். வாய்தா எதிரியை விடுதலை செய்தான்.

டீச்சர் மதிப்பெண் சொல்லும்போது சுற்றி வளைக்கவில்லை. வாய்தாவின் வாக்கியங்களில் பிழை இல்லை, ஆனால் எல்லாம் மூன்று சொல், நான்கு சொல். அதைவிட முக்கியமாக, அந்த நாட்டில் கட்டைப் படிக்காமல் நாற்காலியில் ஏறுகிற நீதிபதி கிடையாது. இரண்டு பெட்டி விஷயம் நான்காம் பக்கத்திலேயே இருந்தது என்றாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். சீனியர், மேஜை முத்திரைக்கு என்று அங்கேயே சொல்லிவிட்டு எழுந்தார்.

முத்திரை பையை மாட்டிக்கொண்டு அவன் பக்கத்தில் வந்து நின்றாள். "ஒரு வாரமா பொத்திப் பொத்தி வச்சிருந்த கேள்வி, அண்ணா. படிக்காமலே கேட்டுட்டீங்க. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு" என்றாள். அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா, திட்டாக எடுத்துக்கொள்வதா என்று அவளும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

சீனியர் பாதிப் படி இறங்கியிருந்தார். வாய்தா பின்னாலேயே ஓடினான். வியாழக்கிழமை ஒரு லிப்ட் மெக்கானிக் சாட்சி சொல்ல வரவேண்டியிருந்தது. சீனியருக்கு அன்றைக்குக் கம்பெனி ஆட்களோடு கூட்டம். வழக்கம்போல அதைத் தள்ளி வாங்கி வரச் சொல்லியிருந்தார்.

"சார், வியாழக்கிழமை தேதி கேக்கல. அந்த மெக்கானிக்க நான் விசாரிக்கிறேன்."

சீனியர் திரும்பாமலே கேட்டார். "கட்டு படிச்சியா?"

"இல்ல சார்."

பொய் சொல்லியிருக்கலாம். எட்டு வருடமாகச் சொல்லிப் பழகியவன்தான். சீனியர் ஒரு படியில் நின்றார். கூடவே இறங்கிக்கொண்டிருந்த குமாஸ்தாவிடம், ஆபீஸைத் திறந்து லிப்ட் கேஸ் கட்டை இவனிடம் கொடு என்றார். காரில் ஏறிப் போய்விட்டார்.

கட்டு கைக்கு வந்ததும் வீட்டுக்குப் போகும்வரை வாய்தாவுக்குப் பொறுக்கவில்லை. ஆபீஸ் வாசல் படியிலேயே உட்கார்ந்து கயிற்றை அவிழ்த்தான். அப்போது மனைவி போன் செய்து, முடிவு என்ன ஆனது என்று கேட்டாள். மேஜை போய்விட்டது, வியாழக்கிழமை ஒரு சாட்சியை விசாரிக்கிறேன் என்றான்.

"என்ன கேக்கப் போறீங்க?" என்றாள்.

"இரு, இப்பதான் மொதப் பக்கம்" என்று சொல்லிவிட்டு போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு தாளைத் திருப்பினான்.